ஐந்தாவது கையெழுத்து

பிரத்யுஷாவின் பிரேத விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேர், மூன்று வருடம் ஏழு மாதம் வரதராஜுலு வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்தார்கள். யாரும் அவர்களைப் பூட்டி வைக்கவில்லை. வாசல் கேட் பகல் முழுக்கத் திறந்தே கிடந்தது. கேட்டைத் தாண்டி எடுத்து வைக்கிற கால் தெருவில் படாமல், அதே வீட்டின் பின்பக்கம் இருந்த தரைத்தொட்டியின் இரும்பு மூடிமேல் போய்ப் பட்டது. டொம் என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டில் ஆள் இருக்க மாட்டார், பின்கட்டில் நிற்பார். சூலூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நொச்சிக்காட்டுப்பாளையத்தில் அந்த ஆனி மாதம் தக்காளி கிலோ தொண்ணூறு ரூபாய் விற்றது, நூல் விலை ஏறிப் பாதித் தறிகள் நின்றிருந்தன, ஐந்து பேர் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

பிரத்யுஷா தொண்டாமுத்தூர்ப் பெண். நாற்பத்தெட்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரரான வரதராஜுலுவின் ஒரே மகன் நவநீத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை தரைத்தொட்டியில் குடிதண்ணீர் மொள்ளப் போய்த் தவறி விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு இறந்துபோனாள் என்று வீட்டார் சொன்னார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போலீஸ் வந்தது. இயற்கையாக வராத சாவு என்றால், உடலை எடுப்பதற்கு முன் உள்ளூர்க்காரர் ஐந்து பேர் அதைப் பார்த்து, சாவு எப்படி வந்தது என்று கருத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஐந்து பேருக்குப் பஞ்சாயத்தார் என்று பெயர். இறந்தவள் கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இருக்கும் பெண் என்றால், விசாரணை போலீஸோடு முடியாது. கோட்டாட்சியரே நேரில் வர வேண்டும். அதனால் ஸ்டேஷன் ரைட்டர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் கல்யாணத் தேதிதான்.

பிரத்யுஷாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வரதராஜுலுவின் பங்காளி வெங்கடபதி, எழுபது வயதுக்காரர், ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதல் ஆளாக உட்காருகிறவர், ரைட்டருக்கு விவரம் சொன்னார். "உறுதி வார்த்தை, அதான் நிச்சயம், முடிஞ்சுதுன்னா எங்களவங்கள்ல அது கண்ணாலம் ஆனாப்பலதானுங்க சார். அப்புறம் பெருசு ஒண்ணு தவறிப்போச்சு, மணவறை தள்ளிப்போச்சு. ஏழு வருசம் எட்டு மாசம். அப்படியே போட்டுக்குங்க." ரைட்டர் அப்படியே போட்டுக்கொண்டார். கோட்டாட்சியர் வரவேண்டிய அவசியம் அந்த ஒரு வரியில் தீர்ந்துபோனது.

வெங்கடபதி தவிர மற்ற நால்வரில் லட்சுமிநாராயணன் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவர்தான். தேதி அவருக்குத் தெரியும். ஷாநவாஸ் எதிரே பேக்கரி வைத்திருந்தார். பத்து மணிக்கு விழுந்ததாகச் சொன்ன வீட்டுக்குள் பன்னிரண்டு மணிக்குத் தண்ணி லாரி ஒன்று நுழைந்ததை, தேங்காய் பன்னை அடுக்கிக்கொண்டே பார்த்திருந்தார். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ரூபனை அதற்கு முந்தின வாரம்தான் நவநீத் கூப்பிட்டு, துருப்பிடித்து இறுகிப்போன தொட்டி மூடியைக் காட்டியிருந்தான். அதை ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது என்பது ரூபனுக்குத் தெரியும். ஐந்தாவது ஆள் ராசப்பன். காலனிக்காரர். பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திருகித் தண்ணீர் விடுகிறவர். ரோட்டுக்குப் பள்ளம் பறித்ததில் குழாய் உடைந்து, அந்தத் தெருவுக்குப் பதினான்கு நாளாக ஆற்றுத் தண்ணீர் விடவில்லை. அன்று காலை அந்தத் தொட்டியில் மொள்ளுவதற்குத் தண்ணீரே கிடையாது என்று உலகத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஆளுக்கு ஒன்று தெரியும். அவரவருக்குத் தெரிந்தது அவரவருக்குச் சின்ன விஷயமாகப் பட்டது. பெரியவர் வெங்கடபதி போட்டுவிட்டார், நாம் எதற்கு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ராசப்பன் நினைத்தது வேறு. அந்த வீட்டுக்கு இருபது வருடமாக வந்துபோகிறார். எப்போதும் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏனுங்க, தண்ணி வருதுங்க" என்று குரல் கொடுப்பதோடு சரி. அன்று போர்டிகோவில் ஐந்து சிவப்பு நாற்காலி போட்டு, ஐந்தாவதில் அவரை உட்காரச் சொன்னார்கள். வரதராஜுலு தன் கையாலேயே நாற்காலியைத் துடைத்து நகர்த்தினார். "என்னப்பா, தொட்டில தண்ணி இருந்துச்சல்ல?" என்று ரைட்டர் கேட்டபோது ராசப்பன் இடது காதைச் சொறிந்துகொண்டு, "இருந்துச்சுங்க சார்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், பின்மண்டை அடி கீழே விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம் என்று எழுதினார். ஐவரின் அறிக்கை அவருக்கு முன்பே போயிருந்தது.

கையெழுத்து முடிந்ததும் முதலில் எழுந்தது ஷாநவாஸ். அடுப்பில் பப்ஸ் இருந்தது. கேட்டைத் தாண்டினார். டொம். அடுத்துப் போன ரூபனும் டொம். வெங்கடபதி இதையெல்லாம் கவனிக்காமல் காரில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கார் தெருவில் திரும்பி நூறடி போன பிறகு டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் சீட் பெல்ட் மாட்டியபடி இருக்கிறது, ஆள் இல்லை. பின்சுவர் ஏறிக் குதித்தும் பார்த்தார்கள். குதித்த வேகத்துக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதே தவிர வேறு பலன் இல்லை. இருட்டும் நேரத்தில் ராசப்பனின் மனைவி மாரியாத்தாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"ஏனுங்க, சோறாக்கி வெச்சுப்போட்டு எத்தன நேரம் பாக்கறது? வாங்க."

"வாரேன் புள்ள" என்று ராசப்பன் காலை எடுத்து வைத்தார். டொம்.

நான்கு முறை வைத்தார். நான்கு டொம். மாரியாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போர்டிகோவில் கிடந்த நாற்காலிகளையும் பார்த்தார். "நாக்காலி போட்டாங்கல்ல? அதுலயே குக்கீட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அரை மணி நேரத்தில் தூக்குப்போசியில் சோறு வந்தது.

அந்த வீட்டின் அமைப்பில் ஒரு சங்கடம் இருந்தது. தறிக்கொட்டகை கட்டியபோது பக்கத்துச் சந்தை அடைத்துவிட்டார்கள். தொட்டி மூடிமேல் விழுகிறவர் முன்வாசலுக்கு வர வேண்டுமானால் சமையலறை வழியாகத்தான் வர முடியும். ராசப்பன் முதல் முறை உள்ளே வந்தபோது, வரதராஜுலுவின் மனைவி வெங்கடலட்சுமி தெலுங்கில் மூன்று தெய்வங்களைக் கூப்பிட்டார். அன்று சமையலறையை மூன்று தடவை கழுவினார். மறுநாள் இரண்டு தடவை. ஐந்து பேரும் விடாமல் முயற்சி செய்ததில் ஒரு நாளைக்கு நாற்பது டொம் வரைக்கும் விழுந்துகொண்டிருந்தது, கழுவி மாளவில்லை. எட்டாவது நாள் பால் பொங்கும் நேரத்தில் ராசப்பன் குறுக்கே வர, "பாத்துட்டு நிக்கறயே, எறக்கு" என்றார் வெங்கடலட்சுமி. அவர் இறக்கினார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதில் வேடிக்கை, வீட்டார் மூன்று பேருக்கும் எந்தத் தடையும் இல்லை. அவர்கள் யாரும் பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போடவில்லை அல்லவா? நவநீத் தினமும் காலையில் திருப்பூர் போய் மாலையில் திரும்பினான். கேட்டில் அவன் பைக் போகும்போது ஐந்து பேரும் அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷாநவாஸ் மட்டும் ஒருநாள் ஒரு விஷயம் சொன்னார். பிரத்யுஷா தினமும் பதினோரு மணிக்குக் கேட் வரைக்கும் வருவாளாம். ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு தொண்டாமுத்தூர் பஸ் வரும் திசையைப் பார்ப்பாளாம். உள்ளேயிருந்து யாராவது ஒரு குரல் கொடுப்பார்கள், சமையலறைக்குத் திரும்பிவிடுவாளாம். ஆறு வருடத்தில் அவள் தெருவில் கால் வைத்து அவர் பார்த்தது எண்ணி நான்கு முறை. வெங்கடபதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வருடங்கள் போயின. பேக்கரியை ஷாநவாஸின் மனைவி நடத்தினார். மாவு எத்தனை, டால்டா எத்தனை என்று ஷாநவாஸ் தெருவின் இந்தப் பக்கமிருந்து கத்திச் சொல்வார். ரூபன் கேட்டுக்கு உள்பக்கமாகவே பைக் ரிப்பேர் பார்த்தான். லட்சுமிநாராயணன் ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தார். ரேஷன் கார்டில் ஐந்து பேருக்கும் முகவரி மாற்றிக்கொண்டார்கள். தேர்தல் வந்தபோது, நடமாட முடியாத முதியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டுப் பெட்டி கொண்டுவருகிற பட்டியலில் அவர்களையும் சேர்த்தார்கள். ரூபனுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. நவநீத்துக்கு இரண்டாவது கல்யாணம் பேச, காரமடைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. போர்டிகோவில் ஐந்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யார் இவர்கள் என்று கேட்டது, பதிலுக்குக் காத்திருக்காமல் காப்பி குடிக்காமலே கிளம்பியது.

ராசப்பனின் வேலையை மாரியாத்தாள் எடுத்துக்கொண்டார். முதல் நாள் கேட்டுக்கு வந்து, "அந்த வால்வு சாவிய எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்டார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மோட்டார் ரூம் சுவரில் ராசப்பன் தண்ணீர் விட்ட நாளையெல்லாம் கரிக்கட்டையால் குறித்து வைப்பது வழக்கம். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பஞ்சாயத்தில் ஆள் வந்தபோது மாரியாத்தாள் வால்வு சாவியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் திரும்பிப் போனார்.

அவர்கள் மகள் கிருபா நர்சிங் முடித்து, ஜெரோம் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தேதி குறித்து ஐந்து மாதம் தள்ளிப் போட்டார்கள், இன்னொரு மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள், அதற்கு மேல் முடியவில்லை. சர்ச்சிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர்வலமாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கிருபா உள்ளே வர ஒரு கால் எடுத்தாள். "வராத கண்ணு" என்று ராசப்பன் கத்தினார். உள்ளே வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வீட்டுக்குள் அவள் வர வேண்டாம். கேட் கம்பிக்கு நடுவே கையை நீட்டி ஆசீர்வாதம் செய்தார். கம்பியைத் தாண்டிய விரல்கள் பின்கட்டில், தொட்டி மூடிக்கு மேலே அந்தரத்தில் தெரிந்தன. வெங்கடலட்சுமி பார்த்தார். கிருபா கல்யாணக் கோலத்தில் தெருவில் காற்றுக்குத் தலை குனிந்து நின்றாள்.

அன்று இரவு ராசப்பன் சாப்பிடவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் சொந்தக் காலால் நடந்து மகள் வீட்டுக்குப் போக வேண்டும்.

இதற்கிடையே தொண்டாமுத்தூரில் பிரத்யுஷாவின் தங்கை லாஸ்யா சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில், கல்யாணப் பத்திரிகையை மேலே வைத்து முப்பத்தோரு மனு கொடுத்தாள். முதல் கோட்டாட்சியர் "பார்க்கப்பட்டது" என்று எழுதினார். இரண்டாமவர் மாற்றலாகிப் போனார். மூன்றாவதாக வந்த அம்மா பத்திரிகைத் தேதியையும் இறந்த தேதியையும் ஒரு துண்டுத் தாளில் கழித்துப் பார்த்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒருமுறை வெளியே போய்ப் பார்த்தார். கால் தெருவில்தான் பட்டது. திருப்தியோடு மறுபடி உள்ளே வந்தார்.

தறிக்கொட்டகையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நால்வரும் பழைய அறிக்கையில் இருந்ததையே சொன்னார்கள். கடைசியாக வந்த ராசப்பன் நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே, "தொட்டில தண்ணி இல்லீங்க. பதினாலு நாளா நான் உடலீங்க. செவுத்துல இருக்குதுங்க" என்றார். கோட்டாட்சியர் மோட்டார் ரூமுக்கே போய்க் கரிக்கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, கேட்டைத் தாண்டினார்.

டொம்.

பழைய அறிக்கையின் கடைசி வரியை லட்சுமிநாராயணன்தான் நினைவுபடுத்தினார். 'இது எங்கள் ஐவரின் ஒருமித்த கருத்து' என்று இருந்தது. ஒன்றாகப் போட்ட முடிச்சை ஒருவர் மட்டும் அவிழ்க்க முடியாது என்று அவர் விளக்கினார். இத்தனை வருடம் சங்கத் தீர்மானங்கள் எழுதியவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆக ராசப்பன் உண்மையைச் சொல்லிவிட்டு, யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே நவநீத் அவர் பக்கத்தில் வந்து நின்றான். "தொட்டி இன்னும் அங்கயேதான் இருக்குது, ராசப்பா" என்றான். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து ராசப்பன் தன் பாயைத் தொட்டி மூடிமேலேயே விரித்துக்கொண்டார். ஆள் படுத்திருக்கிற மூடியை யாரும் திறக்க முடியாது. வெங்கடலட்சுமி அவருக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை, முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ரூபன் துருப்பிடித்த மூடியைப் பற்றி எழுதிக் கொடுத்தான். ஷாநவாஸ் முப்பது நோன்பும் பிடித்து, மூன்றாவது வருடமாகப் பெருநாள் தொழுகையை அந்தப் போர்டிகோவிலேயே தொழுதார். மறுநாள் தண்ணி லாரியைச் சொன்னார். லட்சுமிநாராயணன் தேதியைச் சொன்னார். நான்கு டொம் கேட்டது. போலீஸில் இந்த நான்கையும் வாங்கி வைத்துக்கொண்டு, அன்று ஒன்று சொன்னவர்கள் இன்று ஒன்று சொல்கிறார்கள், உடலை முதலில் பார்த்தவர் பெரியவர் வெங்கடபதி, அவர் என்ன சொல்கிறார் என்றார்கள். "எங்க கொடில இருந்து ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு என்ற நாக்கு எந்திரிக்காது" என்று வெங்கடபதி ஒரே ஒருமுறை சொன்னார். மற்ற நால்வரும் அவரிடம் கெஞ்சினார்கள், திட்டினார்கள், பேசாமல் இருந்து பார்த்தார்கள். ஐந்து பேர் ஒரு வீட்டில் மாட்டியிருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் ஒரு கிழவரின் வாயிலும் மாட்டியிருந்தார்கள்.

மார்கழியில் வெங்கடபதிக்குக் கால் இரண்டும் வீங்கின, மூச்சு வாங்கியது. இதயத்தில் தண்ணீர் கோத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, வார் போட்டுக் கட்டி, சைரனோடு கேட்டைத் தாண்டியது. தெருமுனையில் திறந்து பார்த்தபோது ஸ்ட்ரெச்சரில் வார் மட்டும் கிடந்தது. பின்கட்டில் மூடிமேல் மல்லாந்து கிடந்தவரை ராசப்பன்தான் தூக்கி வந்து கட்டிலில் போட்டார். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் மகன்கள் அழுதார்கள். கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை பிறந்து ஆறாவது நாள், விடிந்து வெயில் ஏறிய பிறகு, மற்றவர்கள் காப்பி குடிக்கப் போயிருந்தபோது வெங்கடபதி கண்ணைத் திறந்தார்.

"ராசப்பா, தண்ணி."

ராசப்பன் தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வைத்தார். முன்பெல்லாம் அவர் தொட்ட டம்ளரைக் கிழவர் தொட்டதில்லை. பாதி குடித்தார், பாதி வழிந்தது.

"அந்தப் புள்ள பொட்டி கட்டி வெச்சிருந்துச்சுடா. அம்மா ஊட்டுக்குப் போறேன்னு. நவநீத்து மாடியில வெச்சுக் கட்டில் சட்டத்துல மண்டைய மோதிப்போட்டான். ஒம்பதரைக்கு என்னைக் கூப்புட்டாங்க. நான் போறப்ப ஒடம்புல சூடு இருந்துச்சு."

"இத அந்தம்மாகிட்ட சொல்லிருங்க சாமி. இப்பவே வரச் சொல்றேன்."

"மாட்டேன். நான் போன பொறகு நீ சொல்லிக்கோ."

"நாஞ் சொன்னா ஆருங்க நம்புவாங்க? என்னைய ஊரு நம்புமுங்களா?"

"ஊரு நம்பாது" என்றார் கிழவர். கொஞ்ச நேரம் மூச்சுக்குத் திணறினார். "இந்த ஊடு நம்பும்."

ஒன்பதரை மணிக்கு உயிர் போனது.

உடலை எடுத்துப்போக வந்த மகன்களின் கையில் வெறும் பாடை நின்றது. உடல் மூடிமேல் கிடந்தது. செத்த பிறகும் அவரால் வெளியே போக முடியவில்லை. கொலைப்பழி விழுந்த வீட்டில், பகையாளிகள் நாலு பேருக்கு நடுவே நடந்த சாவு என்பதால் இதற்கும் பிரேத விசாரணை நடத்தியாக வேண்டும். இது காவலில் நடந்த சாவா, வீட்டில் நடந்த சாவா என்று தாலுகா ஆபீஸில் யாருக்கும் சொல்லத் தெரியாததால் கோட்டாட்சியரே வந்தார். பஞ்சாயத்தார் ஐந்து பேர் வேண்டும். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆளாக வர ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே இருநூறு பேர் நின்றார்கள். கோட்டாட்சியர் யார் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

வால்வு சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு மாரியாத்தாள் உள்ளே வந்தார். உடலைச் சுற்றி வந்து பார்த்தார். ராசப்பன் கிழவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கத்தில் வேறு யாரும் கேட்டிருக்கவில்லை; இவர் இட்டுக்கட்டியது என்று வரதராஜுலு கத்தினார். மாரியாத்தாள் கண் எடுக்காமல் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"அந்தக் கருமாந்தரம் எனக்கு வேண்டாமுங்க. நின்னுட்டே போடறேன். எழுதுனத ஒருக்காப் படிங்க."

ரைட்டர் படித்தார். 'ஒருமித்த கருத்து' என்ற இடம் வந்ததும் மாரியாத்தாள் நிறுத்தினார். "அத அடிச்சுப்போடுங்க. அவங்கவங்க பாத்தது, கேட்டது, அவங்கவங்க பேருக்கு நேரா எழுதுங்க. எனக்கு என்ன தெரியும்னு நாஞ் சொல்றேன்." ரைட்டர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ரைட்டர் அடித்தார். ராசப்பன் பேருக்கு நேரே கிழவர் சொன்னது எழுதப்பட்டது; ஐவரில் சொல்லாமல் பாக்கியிருந்தது அது ஒன்றுதான். மற்ற மூவரும் தாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள், அதுவே எழுதப்பட்டது. மாரியாத்தாள் பேருக்கு நேரே இப்படி இருக்கிறது: 'இறந்தவர் பேசியதை நான் கேட்கவில்லை. என் கணவர் சொன்னதைக் கேட்டேன். பொய் சொல்லும்போது அவர் இடது காதைச் சொறிவார். இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன். இன்று சொறியவில்லை.'

கையெழுத்துப் போட்டுவிட்டு மாரியாத்தாள் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். இருநூறு பேரும் பேசுவதை நிறுத்தினார்கள். தறிகளை யாரோ நிறுத்தினார்கள். ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது தெருப் புழுதியில் மாரியாத்தாளின் செருப்புத் தடம் இருந்தது, அதற்கு மேல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க. சோறு ஆறுது" என்றார்.

பாடையை யார் தூக்குவது என்று சொந்தக்காரர்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கோட்டாட்சியர் அந்த நால்வரையே தூக்கச் சொன்னார். மறுபடி மூடிமேல் விழுந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் யாரும் மறுக்கவில்லை. முன்னால் ராசப்பனும் ஷாநவாஸும், பின்னால் ரூபனும் லட்சுமிநாராயணனும் தூக்க, வெங்கடபதி அந்தக் கேட்டைத் தாண்டினார். சத்தம் எதுவும் வரவில்லை.

நவநீத்தை அன்று மாலை திருப்பூரில் பிடித்தார்கள். வழக்கு மகளிர் நீதிமன்றத்தில் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. லாஸ்யா வந்து, பரண்மேல் கிடந்த அக்காவின் பெட்டியைக் கேட்டாள். வெங்கடலட்சுமி எடுத்துக் கொடுத்தார். கட்டியது கட்டியபடி இருந்தது. லாஸ்யா அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். பிறகு தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ராசப்பன் மகள் வீட்டுக்குப் போனபோது பேத்திக்கு ஒன்பது மாதம். எந்த வாசலைத் தாண்டும்போதும் ஒரு நொடி நின்று, காலைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறார். வால்வு சாவியை மாரியாத்தாள் திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தத் தாலுகாவில் இப்போது பிரேத விசாரணை என்றால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாருக்கும் நாற்காலி போடுவதில்லை. கையெழுத்து முடிந்ததும் பஞ்சாயத்தார் ஒவ்வொருவராக வாசலைத் தாண்டுவார்கள். ரைட்டர் பேனாவை மூடாமல் காத்திருப்பார். சில வீடுகளில் பின்பக்கமிருந்து டொம் என்று கேட்கும். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, தேதியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பிப்பார்.